ஒழுங்கைக்குள் வரும் உழவு இயந்திரம்

எனது மூத்த ராத்தாவின் மகன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு ட்ரக்டரின் படம். நாற்பத்தேழு குதிரைவலு, ஒரே ஆள் பாவித்தது, பின் டயர் இரண்டும் புதியவை, விலையும் பரவாயில்லை என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். தாயாரின் பன்னிரண்டு பவுண் நகையை விற்று முற்பணம் கட்டுவது, மிகுதியை லீசிங்கில் எடுப்பது என்பது அவரது திட்டம்.

"மாமா, நீங்க ஒரு சொல்லுச் சொன்னா உம்மா சம்மதிப்பா" என்றார்.

"உம்மா என்ன சொல்றா?"

"வேற ஒண்டும் சொல்லல்ல. மெசின எந்த வழியால வீட்ட கொண்டு வாற எண்டு மட்டும் கேட்டா."

நான் வாயடைத்துப் போனேன். பதினைந்து வருடங்களுக்கு முன்னர் இதே கேள்வியை எங்களிடம் யாராவது கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அப்போது ராத்தாவின் கணவர், என் மச்சான், ஹயாத்தோடு இருந்தார். நானும் அவரும் கூட்டாகப் பழைய நாற்சில்லு ட்ரக்டர் ஒன்றை வாங்கினோம். வாங்குமுன் ஒழுங்கையின் வாயில் நாடாவைப் பிடித்து அளந்தோம். ஏழடி இரண்டு அங்குலம். ட்ரக்டரின் அகலம் ஐந்தடி எட்டு அங்குலம். தாராளம் என்று நினைத்தோம். ஒழுங்கை உள்ளே போகப் போக ஒடுங்குவதையும், முடிவில் வலப்பக்கம் மடங்குவதையும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. நாளாந்தம் நடந்து போகும் வழிதானே, நமக்குத் தெரியாததா என்ற எண்ணம். ட்ரக்டர் வந்த அன்று மாலை அந்த மடக்கில் அதன் மூக்கு உள்ளே போயிற்று, உடல் போகவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்ததில் அடுத்த வீட்டு மதிலில் ஆறடி சரிந்து விழுந்தது.

மதிலைக் கட்டிக் கொடுத்தோம். ட்ரக்டரைப் பெரிய றோட்டோரத்தில் ஓர் உறவினரின் வளவில் நிறுத்தினோம். மூன்றாம் மாதம் ஓரிரவில் அதன் பெற்றரி காணாமற் போயிற்று. அடுத்த பெரும்போகம் வருமுன்னரே வாங்கிய விலைக்குக் குறைத்து விற்றோம். அந்த நட்டத்தில் பாதி ராத்தாவின் கைக்காப்பு. அதை அவ ஒரு நாளும் எங்களுக்குச் சொல்லிக் காட்டியதில்லை.

அறபுக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒருவர் உழவு இயந்திரத்தைப் பற்றி, அதுவும் பெண்கள் வாசிக்கும் சஞ்சிகையில் எழுதுவதா என்று சகோதரிகள் சிலர் நினைக்கலாம். எங்கள் கிழக்குப் பகுதியில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண் மக்களின் பேரிலேயே எழுதப்படுகின்றன. இயந்திரம் வாங்கக் காசு தேவைப்படும்போது முதலில் கழற்றப்படுவதும் அவர்களின் நகைதான். வாங்கிய இயந்திரம் போய் நிற்பதோ அவர்களின் கிணற்றடியில், அவர்களின் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில். ஆனால் எதை வாங்குவது என்ற பேச்சு மட்டும் தேநீர்க் கடையில் முடிந்துவிடுகிறது.

வழி ஒடுங்கிய வரலாறு

ராத்தாவின் வளவுக்குப் போகும் ஒழுங்கை ஒரு காலத்தில் வண்டிப் பாதை. எங்கள் வாப்பாவின் வாப்பா அதில் இரட்டை மாட்டு வண்டியில் நெல் ஏற்றி வந்தார். பின்னர் காணி வாரிசுகளுக்குப் பிரிந்தது. அவர்களின் பிள்ளைகளுக்கு மீண்டும் பிரிந்தது. பிரிக்கும்போது ஒவ்வொருவரின் பங்கையும் ஆணியடித்து எல்லையிட்டார்கள். வழியை மட்டும் யாரும் பங்காக எண்ணவில்லை. வேலி மதிலாக மாறியபோது ஒவ்வொரு வீடும் அரையடி வெளியே வந்தது. மின்கம்பம் ஒன்று வந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின்னர் சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் பாய்ந்து எங்கள் பக்கத்து வயல்கள் பெருகின. வயலுக்குப் போகும் வழிகளோ வண்டி மாட்டின் அகலத்திலேயே நின்றுவிட்டன.

இடையில் ஒரு விடயத்தைச் சொல்லி வைக்க விரும்புகிறேன். வயலுக்குப் போகும் விவசாயப் பாதையை ஒருவர் அடைத்தால் வாய்ச்சண்டைக்குப் போக வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் முறையிட இடமிருக்கிறது. கமநல சேவை நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள். ஆனால் மதில் கட்டி முப்பது வருடம் ஆன ஒழுங்கையை ட்ரக்டருக்காக அகலமாக்கலாம் என்று கனவு காண வேண்டாம். வழி இருக்கிறபடியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அதற்குள் வரக்கூடிய இயந்திரத்தைத் தேடுவதுதான் புத்தி.

கம்பைக் கொண்டு அளத்தல்

நாடாவைப் பிடித்து ஓரிடத்தில் அளப்பது போதாது என்பதை நாங்கள் ஒரு மதில் விலை கொடுத்துப் படித்தோம். இந்த முறை ராத்தா ஒரு நேரான கம்பை வெட்டுவித்தா. வாங்க நினைக்கும் இயந்திரத்தின் அதி கூடிய அகலம் எவ்வளவோ அதனோடு ஓரடி கூட்டி வெட்டிய கம்பு. இரு பேரப்பிள்ளைகள் அதன் இரு முனைகளையும் பிடித்து, இடுப்பு உயரத்தில் குறுக்காக வைத்துக்கொண்டு பெரிய றோட்டிலிருந்து நடந்தார்கள். கம்பு எங்கே தட்டுகிறதோ அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு. நாற்பத்தேழு குதிரைவலு ட்ரக்டரின் கம்பு ஆறு இடங்களில் தட்டியது. மின்கம்பத்தடியில் முற்றாகவே சிக்கிக்கொண்டது. மருமகன் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அகலத்தை அளக்கும்போது ட்ரக்டரின் டயர்களை மட்டும் பார்க்கக் கூடாது. பின்னால் பூட்டும் றோட்டவேட்டர் சில வேளை டயரை விட அகலமாக இருக்கும். அது அப்படி இருப்பதே நல்லதும்கூட. டயரை விட ஒடுங்கியதாக இருந்தால் உழுத நிலத்தில் சில்லின் தடம் அமிழ்ந்தபடி மிஞ்சும். சேற்று உழவுக்குப் பூட்டும் இரும்புச் சில்லு இன்னும் அகலம். அதை வீட்டிலிருந்து பூட்டிக்கொண்டு வர முடியாது. வயலோரத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். அங்கே வாடியில் அதைப் பத்திரமாக வைக்க இடம் உண்டா என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

அடுத்தது உயரம். நாற்சில்லு ட்ரக்டரில் சாரதியின் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு, இயந்திரம் கவிழ்ந்தால் ஆளை நசுங்காமல் காப்பதற்காக வைக்கப்பட்டது. கேற்றின் மேல் வளைவு கட்டியிருந்தாலோ, தாழ்ந்த மாங்கிளை இருந்தாலோ, வீட்டுக்கு இழுத்த மின்கம்பி தொங்கினாலோ அது தட்டும். சிலர் இதற்காக அந்த வளைவையே கழற்றி வீசிவிடுகிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். மடிக்கக்கூடிய வளைவுள்ள ட்ரக்டர்கள் இருக்கின்றன. மரத்தடியில் மடித்து, வெளியே வந்ததும் நிமிர்த்தி விடலாம்.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது மடக்கு. நாற்சில்லு வாகனம் திரும்பும்போது பின்சில்லுகள் முன்சில்லுகள் போன தடத்தில் போவதில்லை. உட்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அதே வேளை பின்னால் தூக்கிய கலப்பை எதிர்ப்பக்கமாக வீசி வெளி மதிலை உரசும். எங்கள் மதிலை விழுத்தியது இந்த வீச்சுத்தான். விற்பவர்கள் தரும் தாளில் திரும்பும் ஆரை என்று ஓர் எண் இருக்கும். அது பிரேக் பிடித்துத் திரும்பியதா, பிடிக்காமல் திரும்பியதா என்று கேளுங்கள். ட்ரக்டரில் இடப் பின்சில்லுக்கும் வலப் பின்சில்லுக்கும் தனித்தனிப் பிரேக் உண்டு. ஒன்றை மட்டும் மிதித்தால் அந்தச் சில்லு நிற்க, மற்றது சுற்றி வரும். ஒடுங்கிய இடத்தில் இது பெரிய உதவி. றோட்டில் ஏறியதும் இரண்டு மிதிகளையும் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். பூட்ட மறந்து வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் ட்ரக்டர் புரளும்.

தாளில் உள்ள எண்ணை விட நம்பகமானது வேறொன்று. அதே மாதிரி ட்ரக்டர் பக்கத்து ஊரில் யாரிடமாவது இருக்கும். டீசலுக்குக் காசு கொடுத்து ஒரு தடவை ஒழுங்கைக்குள் வந்து போகச் சொல்லுங்கள்.

வாய்க்காலின் மேல் போட்ட கொங்கிறீட் பலகையையும் மறக்கலாகாது. இருசில்லு இயந்திரம் ஐந்நூறு கிலோவுக்குள் அடங்கும். பதினைந்து முதல் இருபத்தைந்து குதிரைவலு வரையான சிறிய நாற்சில்லு ட்ரக்டர்கள் ஏறக்குறைய அறுநூறு கிலோவிலிருந்து ஒரு தொன் வரை. நம் ஊர்களில் இன்னும் ஓடித் திரியும் மாஸி பேர்கசன் 135 போன்றவை, 1964 முதல் 1975 வரை தயாரிக்கப்பட்ட நாற்பத்தைந்து குதிரைவலு இனம், ஏறக்குறைய ஒன்றரைத் தொன். அதன் மேல் கலப்பை, டயருக்குள் நிரப்பிய தண்ணீர், சாரதி. சைக்கிளுக்கும் மாட்டுக்கும் போட்ட பலகை இதைத் தாங்குமா என்று ஒரு மேசன் வந்து பார்த்துச் சொல்லட்டும்.

இருசில்லா, நாற்சில்லா?

லாண்ட் மாஸ்டர் என்பது ஆங்கிலேயக் கம்பனி ஒன்றின் பெயர். இன்று எந்த நாட்டிலிருந்து வந்த இருசில்லு இயந்திரமானாலும் எங்கள் ஊரில் அது லாண்ட் மாஸ்டர்தான். ஒடுங்கிய வழிக்கு இதைப் போல இணக்கமானது வேறில்லை. பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், பன்னிரண்டு குதிரைவலு அளவில். ஊர்க் கராஜில் யாரும் திருத்துவார்கள். பெட்டியைக் கொழுவினால் நெல் மூட்டையும் ஏற்றலாம், உரமும் ஏற்றலாம், பெருநாளைக்குக் குடும்பத்தையும் ஏற்றலாம். பெட்டி கொழுவிய இடத்தில் மடங்குவதால் கூர்மையான மடக்கிலும் திரும்பிவிடும். பின்னுக்கு எடுப்பது மட்டும் பழக்கப்பட்ட கைக்கே வரும்.

குறைகளும் உண்டு. உழும் அகலம் ஏறக்குறைய இரண்டடிதான். ஓர் ஏக்கரை ஒரு தடவை உழ நான்கைந்து மணித்தியாலம் எடுக்கும். அவ்வளவு நேரமும் சேற்றில் அதன் பின்னால் நடக்க வேண்டும். கையிலும் தோளிலும் அதிர்வு ஏறும். மச்சான் கடைசிக் காலத்தில் இரவில் விரல்கள் மரத்துப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காய்ந்த இறுகிய நிலத்தில் புழுதி உழவுக்கு அதனால் ஆழம் போகவும் முடியாது.

இன்னொரு விடயம், புதிதாக ஓட்டுகிற பிள்ளைகளின் தாய்மார் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. இருசில்லு இயந்திரத்தில் இடப்பக்கப் பிடியை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும், வலப்பக்கப் பிடிக்கு வலப்பக்கம். இது சமநிலத்தில். பள்ளத்தில் இறங்கும்போது இயந்திரத்தை எஞ்சின் இழுப்பதில்லை, பாரம் தள்ளுகிறது. அவ்வேளை இடப்பிடியை அழுத்தினால் இடச்சில்லு விடுபட்டு உருண்டோடும், எஞ்சினோடு பூட்டிய வலச்சில்லு மட்டும் தாமதிக்கும். இயந்திரம் வலப்பக்கம் திரும்பிவிடும்! வாய்க்கால் கட்டிலிருந்து வயலுக்குள் இறங்கும்போது இப்படித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இறக்கத்தில் வேகத்தைக் குறைத்துக் கைப்பலத்தால் திருப்ப வேண்டும். பிடியைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவை சிறிய நாற்சில்லு ட்ரக்டர்கள். ஜப்பானில் நெல் வயல்கள் சிறியவை, கிராமத்துப் பாதைகளும் ஒடுங்கியவை. அதனால் குபோட்டா, யன்மார் போன்ற அந்நாட்டுக் கம்பனிகள் நான்கடிக்கும் குறைந்த அகலத்தில் ட்ரக்டர்களைச் செய்து வந்திருக்கின்றன. இந்தியாவிலும் பழத்தோட்டங்களுக்கென்று ஒடுங்கிய இனங்கள் செய்கிறார்கள். இவற்றைப் பார்த்து "இது விளையாட்டுச் சாமான்" என்று தேநீர்க் கடையில் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு ஒரு கதை உண்டு.

வட அயர்லாந்தில் பிறந்த ஹரி பேர்கசன் என்பவர், கலப்பையைச் சங்கிலியால் இழுப்பதற்குப் பதிலாக மூன்று கைகளால் ட்ரக்டரின் பின்னால் இணைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கும் விசை இந்த இணைப்பால் பின்சில்லுகளை நிலத்தோடு அழுத்தும் பாரமாக மாறுகிறது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் தயாரான அவரது சாம்பல் நிறச் சிறிய ட்ரக்டர், ஏறக்குறைய ஒரு தொன் எடையும் முப்பதுக்கும் குறைந்த குதிரைவலுவும் கொண்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. அதற்கு முந்திய காலத்தில் பெரும் பாரமான இயந்திரங்கள் செய்த வேலையை அது செய்தது. இன்றைய ட்ரக்டர்கள் அனைத்தின் பின்னாலும் நீங்கள் காணும் மூன்று கைகள் அந்த மனிதரின் யோசனைதான்.

ஆகவே குதிரைவலு மட்டும் வேலை செய்வதில்லை. அந்த வலு மண்ணைப் பிடிக்க வேண்டும். சிறிய ட்ரக்டர் வாங்குவதானால் நான்கு சில்லும் இழுக்கும் இனத்தை வாங்குவதே எனது ஆலோசனை. இரு சில்லு மட்டும் இழுக்கும் சிறியது, ஈரத்தில் வழுக்கிக்கொண்டே நிற்கும். மிகவும் பாரமானதும் சேற்றுக்கு ஆகாது. நெல் வயலின் சேற்றுக்கடியில் வருடக்கணக்கில் இறுகிய ஒரு தட்டு இருக்கிறது. தண்ணீர் நிலத்துக்குள் இறங்காமல் தாங்கி நிற்பது அதுதான். பாரமான இயந்திரம் அந்தத் தட்டை உடைத்துக்கொண்டு புதைந்தால், அந்த இடம் பிறகு பல போகங்களுக்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் வட்டையில் அப்படியொரு புதைகுழி இருக்கிறது. யாருடைய ட்ரக்டர் புதைந்தது என்று நான் எழுதப் போவதில்லை.

முற்றத்தில் ஓர் ஆபத்து

ட்ரக்டரின் பின்னால் றோட்டவேட்டரையோ தண்ணீர்ப் பம்பையோ சுழற்றுவதற்கு ஒரு தண்டு இருக்கிறது. அது வழமையாக நிமிடத்துக்கு 540 தடவை சுழலும். அதாவது ஒரு வினாடிக்கு ஒன்பது சுற்று. முந்தானையோ துப்பட்டியோ ஒரு நூல் அதில் பட்டால், "ஐயோ" என்று சொல்லி முடிக்குமுன் ஒன்பது முறை சுற்றியிருக்கும். கழுத்தில் சுற்றிய துணியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. அந்தத் தண்டுக்குப் பிளாஸ்டிக் உறை ஒன்று உண்டு. பழைய இயந்திரங்களில் அது பெரும்பாலும் உடைந்தோ காணாமலோ போயிருக்கும். வாங்கும்போது டயருக்கும் பெயின்றுக்கும் பேரம் பேசுகிறவர்கள் இந்த உறையைக் கேட்பதேயில்லை. நீங்கள் கேளுங்கள். உறை பூட்டாமல் இயந்திரம் வளவுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நகை உங்களுடையதானால் சொல்வதற்கு உரிமையும் இருக்கிறது.

பிள்ளைகளை மட்காட்டில் இருத்திக்கொண்டு ஓட்டுவது எங்கள் ஊரில் ஓர் அன்பு வெளிப்பாடு. ஒரு பள்ளத்தில் சில்லு விழுந்தால் பிள்ளை விழுவது பின்சில்லுக்கு முன்னால்தான். ஒடுங்கிய வளவில் பின்னுக்கு எடுக்கும்போதும் சாரதிக்குக் கலப்பையின் பின்னால் நிற்பது தெரியாது. ராத்தாவின் வீட்டில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. எஞ்சின் சத்தம் கேட்டால் பிள்ளைகள் எல்லோரும் திண்ணையில். அவ எண்ணிப் பார்த்துக் கை காட்டிய பிறகுதான் கியர் விழும்.

வரம்பு ஏறும்போதும் கவனம் தேவை. பின்சில்லு சேற்றில் இறுகிவிட, எஞ்சினை முடுக்கினால், சில்லு சுழல முடியாமல் ட்ரக்டரின் முன்பக்கம் எழுந்து பின்னுக்குக் கவிழ்ந்துவிடும். யோசிக்க நேரமிருக்காது. புதைந்தால் பின்னுக்கு எடுக்கப் பார்க்க வேண்டும், அல்லது வேறொன்றைக் கொண்டு இழுப்பிக்க வேண்டும்.

காசும் கணக்கும்

முதலில் வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று ஏக்கருக்கு வருடத்தில் எத்தனை நாள் உழவு இருக்கிறது? பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் சேர்த்து எண்ணினால் சில நாட்களே. வாடகைக்குப் பிடிப்பது மலிவு என்று கணக்குச் சொல்லும். ஆனால் தண்ணீர் விட்ட வாரத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் இயந்திரம் தேவைப்படும். ஒடுங்கிய வழியுள்ள வயலுக்கு வாடகைக்காரர் கடைசியாகத்தான் வருவார், சில வேளை வரவே மாட்டார். ராத்தாவுக்கு நடந்தது அதுதான். சென்ற பெரும்போகத்தில் அயல் வயல்களில் பயிர் முளைத்த பிறகே அவவின் வயல் உழப்பட்டது. இந்தக் காரணத்துக்காகச் சொந்தமாக வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். "வாடகைக்கு ஓட்டிக் கடனைக் கட்டிவிடலாம்" என்ற காரணத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஊரில் ஏற்கனவே எத்தனை பேர் அதையே நம்பி வாங்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

2022இல் டீசல் கான்களோடு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. பெரிய எஞ்சின் சிறிய வேலைக்கும் அதற்குரிய தீனியைக் கேட்கும்.

கடன் விடயத்தில் வட்டியின் தடை வாசகர்கள் அறிந்ததே. வட்டியில்லாத முறை என்று சொன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. முறாபஹா என்றால், நிறுவனம் இயந்திரத்தை முதலில் தன் உடைமையாக வாங்கிவிட்டு, இலாபம் இவ்வளவு என்று சொல்லி உங்களுக்கு விற்க வேண்டும். காசை உங்கள் கையில் தந்துவிட்டுப் பேரை மட்டும் மாற்றியிருந்தால் அது வேறு விடயம். தவணை பிந்தினால் தொகை வளர்கிறதா என்றும் கேளுங்கள். இரு சகோதரிகள் கூட்டாக வாங்குவதும் நல்ல வழி. ஆனால் யாருடைய பங்கு எவ்வளவு, பழுதுக்கு யார் பொறுப்பு, யாருடைய வயல் முதலில் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்குர்ஆன் கூறியிருக்க, "நமக்குள் எதற்கு எழுத்து" என்று நானும் மச்சானும் எழுதாமல் விட்டோம். விற்ற பிறகு இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாவித்ததை வாங்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கையில் போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன்னரே சூடாக்கி வைத்திருந்தால் காலையில் ஸ்டாட் ஆகாத நோயை மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். கலப்பையைத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு தேநீர் குடித்து வாருங்கள். வரும்போது கலப்பை நிலத்தில் கிடந்தால் தூக்கும் பகுதி தேய்ந்திருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் இயந்திரத்தில் இருப்பவையும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஜப்பானிலிருந்து பாவித்து வந்த சிறியவற்றில் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழியில்தான். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு விற்பவர் கடையின் பெயரைச் சொல்ல வேண்டும். "எல்லா இடமும் கிடைக்கும்" என்றால் எங்கும் கிடைக்காது.

இத்தனையும் பேசி முடிய மருமகன் மூன்று கிழமை என்னோடு முகம் சுருக்கினார். பிறகு அவரே ஓர் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். இருபத்திரண்டு குதிரைவலு, நான்கு சில்லும் இழுக்கும், அகலம் மூன்றடி பத்து அங்குலம். ராத்தா புதுக் கம்பு ஒன்று வெட்டுவித்தா. அது எங்கும் தட்டவில்லை.

விற்பவர் ஒரு நாள் அஸருக்குப் பின் ட்ரக்டரை றோட்டோட்டவேட்டரோடு கொண்டு வந்தார். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் மதில் மேல். மின்கம்பத்தடியைத் தாண்டியது. மடக்கில் ஒரு முறை பிரேக் மிதித்துத் திரும்பியது. பின்பக்கம் வீசியபோது நாங்கள் கட்டிக் கொடுத்த மதிலுக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. கேற்றைத் தாண்டி வளவுக்குள் வந்து நின்றதும் மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ராத்தா கதவு நிலையில் நின்றபடியே சொன்னா: "உள்ள வந்திட்டு, சரி. இனிப் பின்னுக்கு எடுத்து றோட்டு வரைக்கும் போகச் சொல்லுங்க தம்பி. அதையும் பாத்திட்டு விலையப் பேசுவம்."